சீவெர்ட்டின் கூச்சல்

அந்தக் கடற்கழியின் இரு கரைகளிலும் சீவெர்ட் அளவுக்குக் கத்தக்கூடிய ஆள் வேறு யாரும் இருந்ததில்லை. இதை அவர் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை, எல்லாருக்கும்தான் கேட்டதே. படகுத்துறையில் கார்களை வரிசைப்படுத்திப் படகில் ஏற்றுவது அவர் வேலை. பனிக்காற்றும் எஞ்சினும் ஒன்றாக இரையும்போது, "இன்னும் உள்ள போ!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் கார் போகும், எதிர்க்கரைச் சரிவில் மேய்கிற ஆடுகளும் நாலடி உள்ளே போகும் என்று ஊரில் பேச்சு.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி போர்கில்ட், ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். ஒரே மகள் இங்குன், பெர்கன் நகரத்து நூலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். அதாவது, சத்தம் போடாதீர்கள் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கினாள்.

படகுத்துறைக்கு அடுத்தபடியாக சீவெர்ட்டின் குரலுக்கு மரியாதை கிடைத்த இடம் பியர் தொட்டி. அந்தப் பள்ளத்தாக்கில் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வீட்டிலேயே காய்ச்சுவார்கள். பார்லிச் சாற்றை இறக்கி, ஆறவைத்து, ஈஸ்ட்டை ஊற்றுகிற நொடியில் யாராவது ஒருவர் தொட்டிக்குள் தலையை நீட்டி அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கூச்சல் எவ்வளவு பெரிதோ, பியருக்கு அவ்வளவு வீரியம். இதை யாரும் நம்புவதில்லை. யாரும் கத்தாமல் விடுவதுமில்லை. ஆகவே அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் தொட்டி கழுவினாலும் சீவெர்ட்டுக்கு ஆள் வந்துவிடும்.

சொந்த வீட்டில் காய்ச்சும்போது மட்டும் அவருக்கு ஒரு சின்ன மனக்குறை. அவர் கத்தப்போகிறார் என்று தெரிந்ததும் போர்கில்ட் கொட்டகையை விட்டு வெளியேறிவிடுவாள். விறகு அடுக்கியிருக்கும் மூலையில், கட்டை பிளக்கிற முட்டின்மேல் போய் உட்கார்ந்துகொள்வாள். கூச்சல் அடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் திரும்புவாள். "காது வலிக்குதா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டார். "இல்ல," என்றாள். அன்றைய நாலில் ஒன்று அப்படிச் செலவானது. தன் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவராகவே முடிவு கட்டி, அந்த முடிவோடு வாழப் பழகிக்கொண்டார்.

பியர் விஷயத்தில் இன்னொரு தகராறும் இருந்தது. அதில் அவள்தான் ஜெயித்தாள். சீவெர்ட் வீட்டுத் தெற்குச் சுவரில் ஹாப்ஸ் கொடி படர்ந்திருந்தது. அவருடைய அப்பாவும் அவருக்கு அப்பாவும் அந்தப் பூவைப் போட்டுத்தான் பியருக்குக் கசப்பேற்றினார்கள். போர்கில்ட் வெளிக்கடல் தீவுக்காரி. அங்கே ஹாப்ஸ் வளராது. சதுப்பில் முளைக்கிற பொர்ஸ் என்ற வாசனைத் தழை, ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதரின் கிளை, கப்பலுக்குப் போன ஆண்கள் கொண்டுவரும் ஆரஞ்சுப் பழத்தின் காய்ந்த தோல், இவ்வளவுதான் சேர்மானம். கல்யாணமான வருஷம் புகுந்த வீட்டு பியரை ஒரு வாய் குடித்துவிட்டு, "நனைஞ்ச செய்தித்தாள் மாதிரி இருக்கு," என்றாள். மாமனார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தன் பக்குவத்தில் தனியாக ஒரு பீப்பாய் காய்ச்சினாள். அதைத் தொடவே மாட்டேன் என்றார் மாமனார். யாரும் பார்க்காத நேரத்தில் பீப்பாய் பாதியானது. அன்றிலிருந்து ஹாப்ஸ் கொடி சுவருக்கு அழகு, அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சாவு விருந்தில் கடையில் வாங்கிய பியரை ஊற்றினார்கள். போர்கில்ட் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு சீவெர்ட்டின் காதருகே குனிந்தாள். "என் சாவுக்கு நீ இத ஊத்தினேன்னா, பெட்டியத் திறந்துகிட்டு எழுந்து வந்துடுவேன். என்னோடதுதான் இருக்கணும்."

"சரி, உன்னோடதுதான்!" என்றார் சீவெர்ட், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாட்சிகளுக்குக் குறைவில்லாத சத்தியம் அது.

பிறகு அவர் தொண்டையில் ஏதோ வளர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். மூக்கு வெறும் அலங்காரமாகிவிட்டதால் வாசனை என்பதும் அதோடு போயிற்று. பேசுவதற்கு டார்ச் விளக்கு அளவில் ஒரு கருவி கொடுத்தார்கள். அதைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயசைத்தால் ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் வரும். மேட்டு வீட்டுத் தோரெஸ் அதைக் கேட்ட முதல் நாளே, "சீவெர்ட்டு, உன் சவர மிஷின் பேசுதுடா!" என்றார். சீவெர்ட்டும் தோரெஸும் தோரெஸின் மனைவி குன்வோரும் ஒரே பள்ளிக்கூடத்து பெஞ்சில் வளர்ந்தவர்கள். அதனால் அவருக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கருவி அன்றிலிருந்து பெரும்பாலும் பாக்கெட்டில்தான் கிடந்தது.

இதில் ரொம்பக் கஷ்டப்பட்டது போர்கில்ட். அந்த வீட்டில் பேச்சு என்ற இலாகாவை அத்தனை வருஷம் கணவனே பார்த்துக்கொண்டிருக்க, வயசான காலத்தில் அது திடீரென்று அவள் தலையில் விழுந்தது. வானிலை பற்றிப் பேசிப் பார்த்தாள். ஆடுகள் பற்றிப் பேசிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. ஆனாலும் தினமும் காலையில் ஏதாவது ஒன்றைச் சொன்னாள், கடமை மாதிரி.

அவள் இறந்தது அக்டோபரில், ஒரு சனிக்கிழமை. ஆகஸ்டில் சதுப்புக்குப் போய்ப் பறித்து வந்த பொர்ஸ் கட்டுகள் நன்றாகக் காய்ந்துவிட்டனவா என்று பரணில் ஏறிப் பார்த்தாள். இறங்கிவந்து கடைசிப் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். ஒன்று கழன்றது. இன்னொன்றை மருத்துவ வண்டியில் வந்தவர்கள் கழற்றினார்கள்.

அவளைப் பார்த்ததும் சீவெர்ட் வாசலுக்கு ஓடி, மேட்டு வீட்டைப் பார்த்து வாயைத் திறந்தார். கழுத்துத் துளையில் புஸ் என்று காற்று போனது. ஒரு காலத்தில் எதிர்க்கரைவரை எட்டியவர், மேட்டு வீட்டுக்குச் செய்தி சொல்ல அந்தச் சரிவை நடந்தே ஏற வேண்டியிருந்தது. ஏறிப் போய்க் கதவருகே நின்றார். கருவியை எடுத்துவர மறந்திருந்தார். குன்வோர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

அடக்கம் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. ஞாயிறன்று இங்குன் வந்தாள். திங்களன்று பேச்சை எடுத்தாள்.

"அப்பா, பியரக் கடையில சொல்லிடலாமே. உங்களால இந்த நேரத்துல முடியாது."

சீவெர்ட் கருவியைத் தாடையில் அழுத்தினார். "காய்ச்சணும்."

"அம்மா கோவிச்சுக்க மாட்டாப்பா."

"எழுந்து வந்துடுவா," என்றது கருவி. அதற்கு ஏற்ற இறக்கம் கிடையாது. வேடிக்கையா வேதனையா என்று இங்குனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுமே இல்லாமல், அப்படி வந்தால் தேவலை என்கிற நினைப்பாகவும் இருக்கலாம்.

செவ்வாய் காலை செம்புக் கொப்பரையில் ஜூனிப்பர் கிளைகள் கொதித்தன. தொட்டியின் அடியில் பச்சைக் கிளைகளைப் பரப்பி, மேலே முளைகட்டி வறுத்த பார்லியைக் கொட்டி, அந்தக் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். சாறு நூலாக இறங்கியது. போர்கில்ட் வாங்கி வைத்திருந்த பார்லி, போர்கில்ட் பறித்த பொர்ஸ். அடுப்புக்கு மேலே கம்பியில், போன கிறிஸ்துமஸிலிருந்து அவள் தின்ற ஒவ்வொரு ஆரஞ்சின் தோலும் சுருளாகக் கோத்துத் தொங்கியது. இனி அந்தக் கம்பியில் எதுவும் ஏறப்போவதில்லை என்று தெரிந்தே சீவெர்ட் அதை ஒரே இழுப்பில் உருவிச் சாற்றில் போட்டார். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

"அய்யோ, வாசம் பாருங்கப்பா," என்றாள் இங்குன். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சீவெர்ட் கிளறிக்கொண்டிருந்தார்.

சாறு ஆறத் தொடங்கியது. சீவெர்ட் விரலை விட்டுப் பார்த்தார். கறந்த பால் சூடு இருந்தால் போதும். இருந்தது, அவர் விரலுக்கு. துணியில் உலர்த்தி வைத்திருந்த வீட்டு ஈஸ்ட்டைக் கிண்ணத்தில் கரைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். முழுவதையும் ஊற்றினார். ஊற்றிய கையோடு, பழக்க தோஷத்தில், தொட்டிக்குள் தலையை நீட்டி வாயைத் திறந்தார்.

ஆவி கழுத்துத் துளைக்குள் போய் இருமல் வந்ததுதான் மிச்சம். இங்குன் அவரைப் பிடித்து நிமிர்த்தி முகத்தைத் துடைத்துவிட்டாள். "பரவால்லப்பா. கூச்சல்னால ஒண்ணும் இல்ல. அது சும்மா ஒரு சம்பிரதாயம்." படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை சீவெர்ட் தொட்டியின் மூடிமேல் காதை வைத்தார். கொழுப்பில் மீன் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத் திறந்தார். நுரை இல்லை. குளம் மாதிரி அசையாமல் கிடந்தது, மேலே ஆரஞ்சுத் தோல் மிதந்துகொண்டு.

அவர் வாழ்நாளில் ஒரு நாளும் நம்பாத விஷயத்தை அந்த நிமிஷம் முழுசாக நம்பினார். கத்தவில்லை, அதனால் பியர் எழவில்லை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். இங்குன் வந்து பார்த்துவிட்டு மேட்டு வீட்டுக்கு ஓடினாள்.

குன்வோர் கதவருகே நின்றே தொட்டியைப் பார்த்தாள். பின்னால் தோரெஸ். குன்வோர் கேட்ட முதல் கேள்வி யாரும் எதிர்பார்க்காதது.

"ஏன்டா சீவெர்ட்டு, ஊத்தறதுக்கு முன்னாடி காபி குடிச்சியா?"

சீவெர்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"காபி. குடிச்சியா இல்லியா?"

"காபிக்கும் இதுக்கும் என்ன அத்தே?" என்றாள் இங்குன். சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டே பழக்கம்.

"நீ சும்மா இரு. அவன் சொல்லட்டும்."

சீவெர்ட் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை.

குன்வோர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்ப வெந்துபோச்சு. கொதிக்கக் கொதிக்க ஊத்தி ஈஸ்ட்டக் கொன்னுட்ட."

சீவெர்ட் விரலைத் தூக்கிக் காட்டினார், நான் பார்த்தேனே என்கிற மாதிரி.

"அந்த விரலா? அது செத்து எத்தன வருஷம் ஆச்சு! பனிக்காலம் பூரா வெறுங்கையால படகுச் சங்கிலி இழுத்தியே, அப்பவே போயிடுச்சு. உனக்குக் கறந்த பால், மத்தவங்களுக்குக் கொதிக்கிற டீ." குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ விரல விட்டு 'ஆச்சு'ன்னு சொன்னதும் போர்கில்ட் என்ன பண்ணுவா?"

சீவெர்ட்டுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு முறையும் நடந்ததுதான். அவர் 'ஆச்சு' என்பார். அவள் வாசலில் நின்று, "காபி ஆறுது, வா," என்பாள். அடுப்படியில் காபியும் கூடவே ஒரு தட்டு வாஃபிள் அடையும் இருக்கும். அவர் தின்று, குடித்து, இன்னொரு கோப்பை வாங்கி, காரோடு வந்த ஒரு ஜெர்மன்காரன் கதை மாதிரி படகுத்துறைக் கதை ஏதாவது ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கொட்டகைக்குத் திரும்புவார். ஈஸ்ட் ஊற்றுவதற்கு முன் காபி குடிப்பது தன் வீட்டு வழக்கம் என்று அவர் நாலு பேரிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருந்தார்.

"நீ கதைய முடிக்கறதுக்குள்ள தொட்டி ஆறிடும்," என்றாள் குன்வோர். "இதுல சங்கடம் என்னன்னா, சில நாள் உன் கத சின்னதா இருக்கும். அப்ப, 'அப்புறம் அந்த ஜெர்மன்காரன் என்ன சொன்னான்?'னு அவளே எடுத்துக் கொடுப்பா. நூறு தடவ கேட்ட கதைய."

தோரெஸ் சிரித்தார், சிரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏன்டி, அவன்கிட்டயே சொல்லிட வேண்டியதுதானேன்னு கேட்டேன்," என்றாள் குன்வோர். "'அவன் விரலுக்குத் தெரியல. போகட்டும். அவனுக்கும் தெரிய வேணாம்'னா."

சீவெர்ட் கருவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். தாடைவரை கொண்டுபோனார். மறுபடி பாக்கெட்டில் போட்டார். வலது கையை விரித்துப் புறங்கையையும் உள்ளங்கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார், யாரோ மேசைமேல் மறந்துவிட்டுப் போன கையுறையைப் பார்ப்பது போல.

"இதக் கொட்டிட்டு மறுபடி காய்ச்சலாமா?" என்றாள் இங்குன். "தோல் எல்லாம் இதுலயே போட்டாச்சே. வேற கிடையாதே."

"எதுக்குக் கொட்டணும்? சாறு நல்லாத்தான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள உயிருள்ள ஈஸ்ட் விழுந்தா பொழச்சுக்கும். விட்டா புளிச்சுடும்." குன்வோர் எழுந்தாள். "எங்க பரண்ல இருக்கு. என்னோடது போன வசந்தத்துல கெட்டுப்போச்சு, அவதான் கொடுத்தா. அவ வீட்டுச் சாமான்தான், அவ வீட்டுக்கே வருது."

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சாற்றில் கொஞ்சத்தை மொண்டு கொப்பரையில் சூடாக்கி மறுபடி தொட்டியில் ஊற்றினார்கள். குன்வோர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையை முக்கினாள், குழந்தையைக் குளிப்பாட்டப்போகிறவள் மாதிரி. "சூடு கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு, ஆறட்டும்," என்றாள்.

சீவெர்ட் வாசலைப் பார்த்தார். பிறகு அவரே போய் அடுப்படியில் காபி போட்டார்.

நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குடித்தார்கள். வாஃபிள் இல்லை. யாரும் கதை சொல்லவில்லை. ஒரு கோப்பைக் காபி எவ்வளவு நீளமானது என்பது சீவெர்ட்டுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் அந்த நேரத்தை அவர் தன் பேச்சால் நிரப்பியிருந்தார். எதிரே உட்கார்ந்து போர்கில்ட் அதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் தோரெஸ்தான் தாங்கமாட்டாமல், "அந்த ஜெர்மன்காரன் கடைசில என்னதான்டா சொன்னான்?" என்றார்.

சீவெர்ட் கருவியை அழுத்தினார். "வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாதுன்னான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இங்குன் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மறுபடி முழங்கை. "ஆச்சு," என்றாள் குன்வோர். "யார் கத்தறது?"

தோரெஸுக்கு ஆஸ்துமா. குன்வோர் தேவாலயத்தில் மெல்லிய குரலில் பாடுகிறவள். எல்லாரும் இங்குனைப் பார்த்தார்கள்.

"நானா? சூடுதான் காரணம்னு இப்பதானே சொன்னீங்க. அப்புறம் கூச்சல் எதுக்கு?"

"எதுக்குன்னு யாருக்குடி தெரியும்? கத்து."

"எனக்கு வராது அத்தே. நான் சத்தமாப் பேசியே எத்தன வருஷம் ஆச்சு."

"அதான் மிச்சம் இருக்கும்," என்றார் தோரெஸ்.

குன்வோர் சீவெர்ட்டின் பக்கம் திரும்பினாள். "நீ வெளிய போ. ஆவி உன் தொண்டைக்கு ஆகாது."

தன் கொட்டகையிலிருந்து தன்னையே வெளியேற்றுவது சீவெர்ட்டுக்குப் புதுசு. எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கால் அதன்போக்கில் விறகு மூலைக்குப் போயிற்று. முட்டின்மேல் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கொட்டகைக் கதவு தெரியவில்லை. கீழே கழி தெரிந்தது, சாம்பல் நிறத்தில், அலையில்லாமல். அதற்கு அப்பால் எதிர்க்கரை மலை சுவராக நின்றது.

உள்ளே இங்குன் கத்தினாள்.

முதலில் அது பூனையின் குரலாகத்தான் கிளம்பியது. தோரெஸ் ஏதோ நக்கலாகச் சொல்வது கேட்டது. பிறகு என்ன நடந்ததோ, அவள் மறுபடி கத்தினாள். பலகைச் சுவர் அதிர்ந்தது. கூரையிலிருந்து இரண்டு காக்கைகள் எழும்பின. அது பெண்ணின் குரல்தான், ஆனால் படகுத்துறைக் குரல். இத்தனை காலம் புத்தக அலமாரிகளுக்கு நடுவே அதை எங்கே மடித்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. அழுகையும் அதில் கலந்திருந்தது. அது சத்தத்தைக் குறைக்கவில்லை.

சீவெர்ட் எழுந்திருக்கப் போனார். அப்போது அது திரும்பி வந்தது.

எதிர்க்கரை மலை அந்தக் குரலை வாங்கி, சற்று வைத்திருந்து, தண்ணீருக்கு மேலாகத் திருப்பி அனுப்பியது. முரட்டுத்தனமெல்லாம் வழியில் எங்கோ உதிர்ந்துபோயிருந்தது. யாரோ தூரத்தில், அவசரமில்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி வந்து விறகடுக்கின்மேல் இறங்கியது. பிறகு இன்னும் மெல்லியதாக இன்னொரு முறை, மேற்கே இருந்த மலையிலிருந்து. கொட்டகைக்குள் தொட்டியில் தலையை விட்டிருப்பவனுக்கு இது எந்தக் காலத்திலும் கேட்டிருக்காது. வெளியே, இந்த முட்டின்மேல் உட்கார்ந்தால்தான் கேட்கும்.

சீவெர்ட் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது எதிரொலி அடங்கி, அதற்கப்புறமும் சற்று நேரம், போர்கில்ட் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாளோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மூடிமேல் காதை வைத்தபோது மீன் பொரிந்தது.

வெள்ளிக்கிழமை கல்லறையிலிருந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். பியர் இளசாகத்தான் இருந்தது. ஆனால் வீரியத்துக்குக் குறைவில்லை. பாதிரியார் இரண்டாவது கிண்ணத்துக்குப் பிறகு மூன்றாவதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார். தீவிலிருந்து வந்திருந்த போர்கில்டின் உறவுக்காரர்கள் கிண்ணத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தார்கள். பெட்டியைத் திறந்துகொண்டு யாரும் எழுந்து வரவில்லை.

மரக்கிண்ணம் கை மாறி மாறி சீவெர்ட்டிடம் வந்தது. இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தார். நாக்கில் கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கதவு சாத்திய வீட்டின் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் இங்குன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியதில் அவள் தொண்டை இன்னும் கட்டியிருந்தது.

"ஆரஞ்சு வாசம் வருதாப்பா?" என்றாள் கரகரப்பாக.

பியரைப் பற்றி சீவெர்ட் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை; அதனால் அக்கம்பக்கத்தில் சம்பாதித்த மனஸ்தாபங்கள் கொஞ்சநஞ்சமல்ல. கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கருவியை எடுத்துத் தாடைக்குக் கீழே அழுத்தினார்.

"வருது," என்றார்.